பீலிக்குத் தண்ணீர் விட்ட துரை

பனி இன்னும் விலகவில்லை. பங்களா வாசற்படிகளின் உச்சியில் துரை நின்றுகொண்டிருந்தார். வெள்ளைக் காற்சட்டை, முழங்கால் வரை ஏறிய காலுறை, தலையில் தக்கைத் தொப்பி, கையில் பிரம்பு. படிகளுக்குக் கீழே, வெட்டிச் சீராக்கிய புல்வெளியில், கம்பளி போர்த்திய ஆண்களும் பெண்களும் வரிசையாக நின்றார்கள். ஓரத்தில் நாற்காலி போட்டு வெளிநாட்டு விருந்தினர். ஒரு கையில் தேநீர்க் கோப்பை, மறுகையில் தொலைபேசி.

துரை தொண்டையைச் செருமினார்.

"என்னா முறைப்பாடு? சொல்லு."

வரிசையிலிருந்து காளியம்மா முன்னுக்கு வந்தார். தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். நான் எழுதிக் கொடுத்திருந்தபடி, பக்கத்து வீட்டுக் கோழி தன் கீரைப் பாத்தியைக் கிளறிவிட்டது என்று அவர் முறையிட வேண்டும். ஒத்திகையில் மிக நன்றாகச் சொன்னார். அன்று கோழி வாயில் வரவில்லை.

"பீலியில தண்ணி வரலைங்க தொரை. மருமக புள்ள பெத்து வந்து படுத்திருக்கா. பச்சப்புள்ள துணிய அலசக்கூட தண்ணி இல்ல. மேல இருந்து வர்றத எல்லாம் இந்தக் குளத்துக்குத் திருப்பிட்டாங்க."

அவர் கை நீட்டிய திசையில் விருந்தினர் திரும்பிப் பார்த்தார்கள். அங்கே ஒரு குளம் இருந்தது. அதில் சிவப்பும் வெள்ளையுமாக மீன்கள். அழகாக இருக்கவே எல்லோரும் அதையும் படம் எடுத்துக்கொண்டார்கள்.

துரை என்னைப் பார்த்தார். நான் தூணுக்குப் பின்னால், நாடகத் தாளோடு நின்றிருந்தேன். தாளில் கோழிக்கான தீர்ப்பு மட்டும்தான் இருந்தது.

இந்த இடத்தில் நான் தேதி எழுதியிருந்தேன். பத்திரிகை ஆசிரியர் அடித்துவிட்டார். இந்தத் தொடரை வாசிப்பது பரீட்சைக்குப் படிப்பதுபோல் இருக்கிறது என்று வாசகர்கள் குறைப்படுகிறார்களாம். ஆகவே, அண்மையில் ஒரு வருடம், தைப்பொங்கலுக்கும் சிவராத்திரிக்கும் நடுவில், மழை நின்று காலையில் புல் எல்லாம் வெள்ளையாக உறையும் காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சரியான தேதி வேண்டியவர்கள் எனக்கு ஒரு கடிதம் போடலாம். தபால் கந்தோர் உத்தியோகத்திலேயே தலை நரைத்தவன் நான். பதில் வராமல் போகாது.

பங்களாவுக்கு ஒரு துரை தேவைப்பட்டார்

இலங்கை மலைநாட்டில், நோர்வூட்டிலிருந்து பொகவந்தலாவைப் பக்கம் ஏறும் பாதையில் உள்ள ஒரு தேயிலைத் தோட்டம் அது. பெயரை விட்டுவிடுகிறேன். இதில் வருகிறவர்கள் எல்லோரும் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள்.

தோட்டத்தின் உச்சியில் வெள்ளைக்காரத் துரைமார் இருந்த பங்களா. தோட்டத்தின் இப்போதைய மேனேஜர் அங்கே இருப்பதில்லை. கீழே, தொழிற்சாலைக்குப் பக்கத்தில், சிக்னல் கிடைக்கும் இடத்தில் வீடு கட்டிக்கொண்டு போய்விட்டார். பங்களாவைக் கொழும்புக் கம்பெனி ஒன்று குத்தகைக்கு எடுத்து ஹோட்டலாக்கியது.

ஹோட்டலை நடத்திய ருவன் ஐயா, எங்கள் வாயில் ருவன் மகத்தயா, ஒருநாள் என் வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர். சிங்களத்தில் சுற்றிவளைக்காமல் கேட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் விருந்தினருக்கு அந்தக் காலத்துப் பெரட்டு ஒன்றைக் காட்ட வேண்டும். பெரட்டு என்றால், விடியற்காலையில் தொழிலாளரை வரிசையாக நிறுத்தி அன்றைய வேலையைப் பிரித்துக் கொடுப்பது. துரை காலையில் எழுந்து என்ன செய்வார், என்ன சொல்வார் என்பதெல்லாம் உங்களுக்குத்தான் தெரியுமாம் என்றார்.

தெரியும்தான். அதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் வாசித்திருக்கிறேன். நான் பேசத் தொடங்கினேன். மத்தியானச் சாப்பாடு ஆறும்வரை பேசினேன். அவர் தன் தொலைபேசியில் ஒரே ஒரு வரி குறித்துக்கொண்டதைப் பிறகு பார்த்தேன். "சுருக்கமாக" என்று இருந்தது.

அவருக்கு ஒரு சாட்டை வேண்டும், ஒரு குதிரை வேண்டும். சாட்டை கூடாது, பிரம்பு போதும் என்றேன். குதிரை விஷயத்தை நான் தீர்க்க வேண்டியிருக்கவில்லை. நுவரெலியாவிலிருந்து லொறியில் வந்த வாடகைக் குதிரை பங்களா ஏற்றத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது. ஏறவும் இல்லை, திரும்பி லொறியில் ஏறவும் இல்லை. அன்று பின்னேரம் வரை கொழுந்து லொறிகள் வரிசை கட்டி நின்றன.

நான் ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. பெரட்டு முடிந்தபின் முறைப்பாடு கேட்பது இருந்தே ஆக வேண்டும் என்றேன். விருந்தினருக்கு அலுத்துவிடும் என்றார் ருவன். அது இல்லாமல் துரையே இல்லை என்றேன். அவர் சம்மதித்துவிட்டார். எல்லாம் அதிலிருந்து வந்தது.

ஆளுநர் வேடக்காரர்

துரையாக நின்றவர் பெனடிக்ட். நோர்வூட்டில் ஒரு துணிக்கடையில் துணி அளந்து வெட்டும் வேலை. தேவாலயப் பாடகர் குழுவில் கனத்த குரல் அவருடையது. பெரிய வெள்ளிக்கிழமை தோறும் ஆலய வளவில் நடக்கும் பாடுகளின் நாடகத்தில், இயேசுவைச் சிலுவைக்கு அனுப்பிய உரோமை ஆளுநர் வேடம் அவருக்கு நிரந்தரம். பிறநாட்டை ஆளப் போனவர் எப்படி நிற்பார், எப்படிச் சலித்துக்கொள்வார், கடைசியில் எப்படிக் கையைக் கழுவிக்கொள்வார் என்பதெல்லாம் அவருக்கு உடம்பில் ஊறியது.

ஆனால் ருவன் அவரைத் தேர்ந்தெடுத்தது அதற்காக அல்ல. பெனடிக்டின் கண்கள் சாம்பல் நிறம். அவர் குடும்பத்தில் எப்போதாவது ஒரு பிள்ளை அப்படிப் பிறக்கும். ஏன் என்று தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். அவர் முன்னால் யாரும் சொன்னதில்லை.

கணக்கப்பிள்ளை வேடத்துக்கும் ஆள் தேவை. துரை சொல்லும் வேலையைக் கேட்டு, பெயர் கூப்பிட்டு ஆட்களை அனுப்புகிறவர். அதைப் பழகாதவரால் செய்ய முடியாது என்று நான் அடித்துச் சொன்னதால், தோட்டத்தின் உண்மையான கணக்கப்பிள்ளை சுப்பையாவையே பிடித்தோம். வார நாட்களில் கீழே உண்மைப் பெரட்டு எடுப்பார். ஞாயிற்றுக்கிழமை மேலே வந்து பொய்ப் பெரட்டு எடுப்பார். இரண்டுக்கும் ஒரே கோட்டு, ஒரே குரல். சேவை முடிய அதிக காலம் இல்லாத மனிதர். வாங்கிய உத்தரவை ஒருநாளும் மறந்ததில்லை என்பதில் அவருக்குப் பெருமை உண்டு.

வரிசையில் நின்றவர்கள் பங்களாவுக்குக் கீழே, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் இருக்கும் சனங்கள். ஹோட்டல் கொடுத்த புதுக் கம்பளி. அதில் விலைச்சீட்டு தொங்கியது. இப்போது மழைக்குப் பொலித்தீன்தான் போடுகிறோம், கம்பளி கடிக்கிறது என்று சிரித்தார்கள். சாப்பாட்டுப் பார்சல் நன்றாக இருந்தது, ஆகவே வந்தார்கள்.

நாய் பெய்த மழை

இங்கே சற்று விலகிப் போக வேண்டியிருக்கிறது. போன வாரம் என் தகப்பனாரின் தபால் பையைப் பற்றி எழுதினேன். தோட்டத்துக்கும் தபால் கந்தோருக்கும் நடையாய் நடந்து கடிதம் சுமந்தவர். அவர் சொன்ன கதை இது.

இந்தியாவிலும் இலங்கையிலும் ஆட்சி செய்ய வந்தவர்கள் காலை முதல் மாலை வரை எதைப் பற்றி யோசித்தார்கள் என்று கேட்டால், கலகம், போர், கஜானா என்று நாம் நினைப்போம். அவர்கள் எழுதி வைத்ததை வாசித்துப் பாருங்கள். யாருடைய எருமை யாருடைய வயலில் இறங்கியது. திருவிழாவில் எந்தத் தெருவுக்குத் தேர் முதலில் போக வேண்டும். சமையற்காரன் மீண்டும் குடித்துவிட்டான். கூரை ஒழுகுகிறது. ஜில்லாவை ஆண்டவர் கூடாரத்தில் உட்கார்ந்து கேட்டதும், மலைத் தோட்டத்துத் துரை வரந்தாவில் நின்று கேட்டதும் ஏறக்குறைய ஒன்றுதான். சாம்ராஜ்யம் என்பது பெரும்பாலும் கோழி வழக்கு.

இவற்றுக்கெல்லாம் முன்னால் துரைக்கு ஒரு வேலை உண்டு. மழைமானியைப் பார்ப்பது. புல்தரையில் நட்டு வைத்த ஒரு செப்புக் குழாய். காலையில் அதிலுள்ள தண்ணீரை அளந்து எழுதி, மாத முடிவில் கொழும்புக்கு அனுப்ப வேண்டும்.

கடைசி வெள்ளைக்காரத் துரைக்கு ஒரு நாய் இருந்தது. உயரமான நாய். அது காலைக் கடனுக்கு மழைமானியைத் தேர்ந்தெடுத்தது. சொட்டு மழை இல்லாமல் வெயில் கொளுத்திய மாதத்தில், எங்கள் தோட்டத்தில் மட்டும் நாள் தவறாமல் தூறல் பதிவாயிற்று. சமையற்காரருக்குத் தெரியும், தோட்டக்காரருக்குத் தெரியும், என் தகப்பனாருக்கும் தெரியும். துரைக்கு யார் சொல்வது?

கொழும்பிலிருந்து விசாரித்துக் கடிதம் வந்தது. பக்கத்துத் தோட்டங்கள் காய்கின்றன, உங்களுக்கு மட்டும் எப்படி மழை என்று. அதைச் சுமந்து போனவர் என் தகப்பனார்தான். நான் அளந்தேன், ஆகவே பெய்தது என்று துரை பதில் எழுதினாராம். அதையும் சுமந்து வந்தவர் அவர்தான்.

"தொரை அளந்துட்டாருன்னா அது மழைதான்டா" என்பார் அப்பா. சிரிக்காமல் சொல்வார்.

அந்த மழை இன்றும் எங்கோ ஒரு கணக்கில் சேர்ந்து கிடக்கிறது. நான் இரண்டு முறை எழுதிப் போட்டேன். திருத்தவில்லை.

கோழிக்குப் பதில் தண்ணீர்

மறுபடியும் பங்களாப் படிக்கு வருகிறேன்.

துரை என்னைப் பார்த்தார். என் தாளில் "கோழியைக் கட்டிப் போடு" என்று இருந்தது. நான் உதட்டைப் பிதுக்கினேன். பெனடிக்ட் காளியம்மாவைப் பார்த்தார். குளத்தைப் பார்த்தார். பிரம்பைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சுப்பையா பக்கம் திரும்பினார்.

"கணக்கப்புள்ள. நாளைக்கு ரெண்டு ஆள போடு. குளத்துப் பைப்ப அடை. தண்ணிய பீலிக்குத் திருப்பு."

"ஆகட்டுங்க தொரை" என்றார் சுப்பையா.

விருந்தினர் கைதட்டினார்கள். நல்ல நாடகம். எல்லோரும் கம்பளியைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் பார்சலை வாங்கிக்கொண்டு போனார்கள்.

நான் காளியம்மாவோடு படியிறங்கினேன். ஏன் கோழியை விட்டுவிட்டாய் என்று கேட்டேன். நாடகம் என்று மறந்துவிட்டாயா என்றும் கேட்டேன்.

அவர் தன் கதையைச் சொன்னார். பீலி என்பது, மலை ஊற்றுத் தண்ணீர் குழாய் வழியாக வந்து விழும் இடம். லயத்துக்கே குடிக்கவும் குளிக்கவும் அது ஒன்றுதான். ஹோட்டல் குளம் கட்டியதிலிருந்து அது மெலிந்து, பனிக்காலம் வந்ததும் நின்றே போனது. தோட்டத்துக் கந்தோரில் சொன்னார். பங்களா இப்போது ஹோட்டல்காரர்களுடையது, அங்கே போ என்றார்கள். ஹோட்டலில், தண்ணீர் தோட்டத்துடையது என்றார்கள். பிரதேச சபையில், தோட்டத்துக்குள் நாங்கள் கைவைக்க முடியாது என்றார்கள். தொழிற்சங்கத் தலைவர், கதைத்திருக்கிறேன் என்றார். யாரோடு கதைத்தார் என்று சொல்லவில்லை. காளியம்மா பாதைக்குக் கீழே ஆற்றுக்கு இறங்கி, ஏறி, பேரப்பிள்ளைக்குத் தண்ணீர் சுமந்தார். கொழுந்து எடுத்து வந்த பிறகு.

"நாடகம்னு தெரியும் சேர். பெனடிக்ட் தம்பிக்கிட்டதானே புள்ளைக்குத் துணி வெட்டி வாங்குனேன்" என்றார். "ஆனா கேக்குறதுக்குன்னு ஒருத்தர் நிக்கிறாரு. என்னா முறைப்பாடுன்னு அவரா கேக்குறாரு. வேற யாரு எங்கிட்ட அப்பிடிக் கேட்டாங்க?"

கோழி வழக்கைத் திரும்பச் சேர்க்க வேண்டுமென்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை

மறுநாள் விடிய, கீழே, உண்மைப் பெரட்டு. மலை மேல் எத்தனை பேர், செடி வெட்டும் கவ்வாத்துக்கு எத்தனை பேர் என்று சுப்பையா பிரித்துக்கொண்டே வந்தார். நடுவில், குரல் மாறாமல், இரண்டு பேர் பெயரைக் கூப்பிட்டார். "பைப் வேலை. மேல. குளத்துக்குப் போறத அடைச்சு, பீலிக்குத் திருப்புங்க."

போனார்கள். பெரட்டில் பெயர் கூப்பிட்டால் போவார்கள். குளத்துக்குப் போன குழாயை ஒரு மரக்கட்டை வைத்து இறுக்கி அடைத்தார்கள். பத்து மணித் தேநீருக்கு முன் பீலியில் தண்ணீர் விழுந்தது. ஒரு பழைய தகரத்தின் மேல் விழுந்ததால் லயம் முழுக்கச் சத்தம் கேட்டது என்றார்கள்.

சுப்பையாவைப் பிடித்துக் கேட்டேன். அவரே கொஞ்சம் கலங்கிப் போயிருந்தார்.

"படிக்கு மேல நிக்கிறவரு சொன்னாரு. நான் ஆகட்டுங்கன்னுட்டேன் சேர். ஆகட்டுங்கன்னு சொல்லிட்டா அது வேலை. ஆள போடாம இருந்தா எனக்குச் சோறு எறங்காது."

"அவரு துணிக்கடைப் பெனடிக்ட்."

"அது ஞாயித்துக்கிழம சேர். திங்கக்கிழம வேலைதான் இருக்கு, சொன்னது யாருன்னு இல்லையே."

இதை நான் பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். அவர் சொன்னதில் பிழை எங்கே என்று எனக்கு இன்னும் கிடைக்கவில்லை.

அதைவிட வேடிக்கை மற்றவர்கள் செய்தது. குழாயில் இருவர் வேலை செய்வதை ருவன் பார்த்தார். தோட்டத்து ஆட்கள், தோட்டத்து மேனேஜர் அனுப்பியிருப்பார் என்று பேசாமல் இருந்தார். மேனேஜரும் பார்த்தார். ஹோட்டல் கேட்டிருக்கும், கணக்கப்பிள்ளை ஆள் கொடுத்திருக்கிறார் என்று நினைத்தார். தமக்குத் தெரியாமல் நடந்தது என்று காட்டிக்கொள்ள இருவருக்கும் மனமில்லை. மேனேஜர் ஒரு படி மேலே போனார். பீலியைப் படம் எடுத்து, தம் முயற்சியால் லயத்துக்குத் தண்ணீர் கிடைத்தது என்று தலைமைக் கந்தோருக்கு அனுப்பிவிட்டார். பாராட்டி மறுமொழியும் வந்தது.

தொட்டியில் மீன்

அடுத்த ஞாயிறு வரிசை நீண்டிருந்தது. யாரும் என் தாளைக் கேட்கவில்லை.

ஒருவர் கூரைத் தகரம் பறந்ததைச் சொன்னார். ஒருவர் தன் நாயைச் சிறுத்தை தூக்கிப் போனதைச் சொல்லி, துரை என்ன செய்யப் போகிறார் என்று கேட்டார். ஒரு பெண், கணவன் சாமம் சாமமாகத் தொலைபேசியைப் பார்த்துச் சிரிக்கிறான் என்றாள். கணவனும் கம்பளி போர்த்திக்கொண்டு அதே வரிசையில்தான் நின்றான். துரை அவனை முன்னால் கூப்பிட்டு, தொலைபேசியை மனைவியிடம் கொடுக்கச் சொன்னார். கொடுத்தான். விருந்தினர் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

நான் வாசித்த அத்தனை ஏடுகளிலும் இவ்வளவு சரியான பெரட்டை நான் பார்த்ததில்லை. காலுறையின் நிறம்தான் தவறு.

இதற்கிடையில் குளம் வற்றிக்கொண்டிருந்தது. மீன்கள் முதுகு தெரிய நீந்தின. கொழும்பிலிருந்து விலை கொடுத்து வாங்கியவை. ருவன் பதறிப்போய் அவற்றை அள்ளி, பங்களாவின் பெரிய குளியலறையில், பழைய துரைமார் படுத்துக் குளித்த நீண்ட பீங்கான் தொட்டியில் விட்டார். அந்த அறைக்கு வந்த விருந்தினர் ஒருவர் இருட்டில் காலை வைத்துவிட்டார். அவர் எழுதிய குறை கொழும்புக்குப் போயிற்று.

ஹோட்டல் கம்பெனியின் பணிப்பாளரே புறப்பட்டு வந்தார்.

வரந்தாவில் விசாரணை

ருவன், தோட்டத்து மேனேஜர், சுப்பையா, நான் எல்லோரும் வரந்தாவில் நின்றோம். பணிப்பாளர் மட்டும் உட்கார்ந்திருந்தார். ஆங்கிலத்திலும் சிங்களத்திலுமாகப் பேசினார். யார் உத்தரவு என்பதுதான் அவர் கேள்வி.

ருவன் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் சுப்பையாவைப் பார்த்தார்.

"தொரை சொன்னாங்க" என்றார் சுப்பையா.

நான் மொழிபெயர்த்தேன். எந்தத் துரை என்று பணிப்பாளர் கேட்டார். அந்நேரம் பெனடிக்ட் படியேறி வந்தார். கடையிலிருந்து நேரே வந்திருந்ததால் கழுத்தில் அளவு நாடா தொங்கியது. சுப்பையா அவரைக் கையால் காட்டினார்.

பணிப்பாளர் அளவு நாடாவைப் பார்த்தார். பிறகு மேனேஜரிடம், குழாயைப் பழையபடி திருப்புங்கள் என்றார். பாராட்டுக் கடிதத்தை வைத்துக்கொண்டு மேனேஜர் எப்படித் திருப்புவார்? ஹோட்டல் பக்கத்திலிருந்து தண்ணீர் பற்றிக் கோரிக்கை வந்தால் மேலிடத்துக்கு அனுப்புவதாகச் சொன்னார். ஹோட்டல் கோரிக்கை வைத்தால், முதலில் யாரைக் கேட்டுக் குளத்துக்குத் தண்ணீர் எடுத்தீர்கள் என்ற கேள்வி வரும். பணிப்பாளருக்கு அது தெரிந்திருந்தது.

அப்போது சுப்பையா, மிகுந்த மரியாதையோடு, ஒரு வழி சொன்னார். "ரத்துப் பண்றதுன்னா பெரட்டுல வச்சுச் சொல்லச் சொல்லுங்க. வரந்தாவுல சொல்றது செல்லாதுங்க."

ஆக, கொழும்பில் நான்கு ஹோட்டல் நடத்தும் ஒரு மனிதர், நோர்வூட் துணிக்கடை ஊழியர் ஒருவரிடம், வரும் ஞாயிறு துரையாக நின்று துரையின் உத்தரவை ரத்துச் செய்யும்படி கேட்டுக்கொண்டார். வசனத்தை ஆங்கிலத்தில் அவரே சொன்னார். நான் தமிழாக்கினேன். "நிர்வாகக் காரணங்களை முன்னிட்டு முந்தைய ஏற்பாடு மீண்டும் நடைமுறைக்கு வரும்." எந்தத் துரையும் இப்படிப் பேசியதில்லை என்று சொல்லிப் பார்த்தேன். யாரும் கேட்கவில்லை. ரத்தாகாவிட்டால் சுப்பையாவின் பெயரைத் தோட்டக் கம்பெனிக்கு எழுதுவேன் என்றும் பணிப்பாளர் சொல்லிவிட்டுப் போனார்.

செய்தி லயத்துக்குப் போக நேரமாகவில்லை. அன்று பின்னேரம் காளியம்மா வீட்டில் இருந்த குடம், வாளி, சட்டி, பெயின்ட் டின் எல்லாவற்றிலும் தண்ணீர் நிரப்பி வைத்தார். பிள்ளையின் தொட்டிலுக்குக் கீழே கூட ஒரு சட்டி இருந்தது.

பெனடிக்டைக் கடையில் போய்ப் பார்த்தேன். துணியை அளந்துகொண்டே பேசினார்.

"வருசா வருசம் ஆளுநரா நிக்கிறேன் சேர். குத்தமில்லன்னு தெரியும். கூட்டம் கத்தும். கையக் கழுவிட்டு உள்ள போயிருவேன். எல்லாரும் நல்லா செஞ்சேம்பாங்க."

கத்தரிக்கோலை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"அந்தக் காலத்து வெள்ளக்காரத் தொரை எங்க வீட்டுக்கு எதையும் விட்டுட்டுப் போகல. இந்தக் கண்ணத்தான் விட்டுட்டுப் போனாரு. ஒரு ஞாயித்துக்கிழமையாவது பிரயோசனப்படட்டுமே."

அதற்கு முன் அவர் வாயால் அதைக் கேட்டவர்கள் யாரும் இல்லை.

ரத்து செய்யும் ஞாயிறு

நல்ல பனி. பணிப்பாளர் விருந்தினரோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். கீழே வரிசையில் காளியம்மா, கம்பளிக்குள் பேரப்பிள்ளையோடு. அவர் முறைப்பாடு எதுவும் சொல்ல வரவில்லை. பார்க்க வந்திருந்தார்.

பெனடிக்ட் வசனத் தாளைக் கையில் எடுத்தார். பார்த்தார். நான்காக மடித்து, காலுறைக்குள் செருகிக்கொண்டார்.

"கணக்கப்புள்ள. பீலியில தண்ணி வருதா?"

"வருதுங்க தொரை."

"புள்ளைய குளிப்பாட்டுனாங்களா?"

சுப்பையா திரும்பிப் பார்த்தார். காளியம்மா தலையாட்டினார். "குளிப்பாட்டுனாங்க தொரை."

"தண்ணிய நிப்பாட்டச் சொல்லி யாரோ சொல்றதா கேள்விப்பட்டேன். யாரு அது?"

பணிப்பாளர் கோப்பையைக் கீழே வைத்தார். சுப்பையா அவரைப் பார்க்கவில்லை. நேராக, படியின் உச்சியைப் பார்த்தார். அந்த ஒரு பதிலில் அவருடைய சேவைக்காலம் முழுவதும் இருந்தது.

"தெரியலைங்க தொரை."

"தெரிஞ்சா எங்கிட்ட வரச் சொல்லு. பெரட்டு கலையலாம்."

"ஆகட்டுங்க தொரை."

விருந்தினருக்கு அவர்களுடைய வழிகாட்டி மெல்ல மொழிபெயர்த்தார். முடிந்ததும் பெரிய கைதட்டல். வயதான ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி எழுந்து, பணிப்பாளரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். உங்கள் ஹோட்டல் மீன்குளத்தைக் கொடுத்து ஏழைகளுக்குத் தண்ணீர் விட்டிருக்கிறது, இப்படி நான் எங்கும் பார்த்ததில்லை, ஊருக்குப் போனதும் எல்லோருக்கும் எழுதுவேன் என்றார். கண் கலங்கியிருந்தது. சுற்றிலும் தொலைபேசிகள் அவர்களைப் படம் எடுத்தன.

பணிப்பாளர் ஒரு கணம் யோசித்தார். பிறகு நன்றி சொன்னார்.

அதற்கு மேல் அவரால் எதைத் திருப்ப முடியும்? மத்தியானமே அவரும் கைதட்டும் ஒரு படம் ஹோட்டலின் முகநூல் பக்கத்தில் வந்துவிட்டது. சுப்பையாவைப் பற்றி யாரும் யாருக்கும் எழுதவில்லை. அவர் தன் சேவையை முடித்து, மாலை போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

பெரட்டு மட்டும் நின்றுபோனது. அதற்குப் பதிலாக இப்போது தேயிலை ருசி பார்க்கிறார்கள். குளத்தில் மண் நிரப்பி ரோஜா வைத்து, வெள்ளைக்காரர் காலத்துக் குளம் இருந்த இடம் என்று பலகை நட்டிருக்கிறார்கள். குளம் கட்டியது ருவன். பலகையில் போட்டிருக்கும் வருடம் முழுப் பிழை. எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

ஆலய வளவு

அந்த வருடப் பெரிய வெள்ளிக்கிழமை, ஆலய வளவில் வழக்கத்தைவிடக் கூட்டம். லயத்திலிருந்து காளியம்மன் கோவிலுக்குப் போகிறவர்கள்கூட வந்திருந்தார்கள். தொரையைப் பார்க்க வந்தோம் என்றார்கள். பங்குச் சுவாமியார் புன்னகைத்து இடம் விட்டார்.

பெனடிக்ட் சிவப்பு அங்கியோடு வந்து நின்றார். கூட்டம் கத்தியது. ஆளுநர் சலித்துக்கொண்டார். வேலைக்காரன் தாம்பாளமும் செம்பும் கொண்டு வந்தான். பெனடிக்ட் இரண்டு கைகளையும் நீட்டினார். வளவு முழுக்க அமைதி. செம்பு சரிந்தது.

முன்வரிசையில், பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்த காளியம்மா, யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல், ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"தண்ணிய கீழ ஊத்திறாதீங்க தொரை."

பெனடிக்ட் செம்பைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். கையைக் கழுவாமலே இறக்கிக்கொண்டார்.

அன்று சிலுவைப்பாடு தொடங்கச் சற்றுத் தாமதமாயிற்று.